கத்தி ஏன் குத்தி நிக்க மாட்டேங்குது? அறிகுறிய பாத்து தூரத்தையும் கத்தியையும் சரி பண்றது எப்படி

கத்தி எறிய பழகறவங்க நிறைய பேர், கத்தி குத்தலன்னா உடனே கைய மாத்த பாக்கறாங்க. இன்னும் வேகமா வீசறது, மணிக்கட்ட வெடுக்குனு சுண்டறது, பிடிய மாத்தறது, அப்புறம் ஒண்ணுமே செட் ஆகலன்னு விட்டுடறது. உண்மையில பத்துல எட்டு பிரச்சனைக்கு நீங்க நிக்கற இடம்தான் காரணம், மிச்சத்துல பாதிக்கு கத்தியும், குறியா வச்சு எறியற மரக்கட்டையும் காரணம். அதனால கைய அப்படியே விடுங்க, கால நகத்துங்க. கீழ இருக்கறது எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான்.

நான் சொல்றது தலைக்கு மேலேர்ந்து எறியற, கத்தி சுத்திக்கிட்டே போற சாதாரண முறைய பத்தி. சுத்தாம நேரா போற நோ ஸ்பின் முறை வேற, அத இப்ப தொட வேணாம்.

மொதல்ல ஒரு ரெண்டு நிமிஷம் இத புரிஞ்சுக்கோங்க, அப்புறம் எந்த அறிகுறி வந்தாலும் நீங்களே கண்டுபிடிச்சிடலாம். கை தோள்லேர்ந்து வட்டமா வருது, கத்தி அந்த வட்டத்துலேர்ந்து பிரிஞ்சு போகும்போது அதே சுழற்சியையும் கூடவே எடுத்துட்டு போகுது. நீங்க வேகமா வீசினா கத்தி வேகமா போகும், வேகமா சுத்தவும் செய்யும், ரெண்டும் சேந்தே கூடறதால கட்டைக்கு போய் சேரும்போது சுத்து எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான் இருக்கும். அதனாலதான் பலத்த கூட்டி குறைச்சு தப்பா வர்ற சுத்த சரி பண்ண முடியாது. தூரத்தாலதான் முடியும். 30 செ.மீ. கத்திக்கு ஒவ்வொரு அரை சுத்துக்கும் தோராயமா 1 மீட்டர்லேர்ந்து 1.3 மீட்டர் வரைக்கும் ஆகும். கைப்பிடிய பிடிச்சு எறிஞ்சா முழு சுத்து, அதுக்கு முன்கால் கட்டையிலேர்ந்து ஏறக்குறைய 3 மீட்டர்ல இருக்கும். அலகு பக்கம் பிடிச்சு எறிஞ்சா அரை சுத்து, அது 2 மீட்டர் சுத்துப்பட்டுல. கை நீளமா இருக்கறவங்களுக்கு வட்டம் பெருசு, அதனால கத்தி அதே தூரத்துல கம்மியா சுத்தும், அவங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும். உங்க நண்பர் நிக்கற இடத்துல நீங்க நின்னா குத்தலன்னா அது உங்க தப்பு இல்ல, அது அவர் தூரம்.

ஆரம்பிக்க 3 மீட்டர், கைப்பிடி கிரிப், முழு சுத்து. சுத்தியல பிடிக்கற மாதிரி கைப்பிடிய நல்லா பிடிங்க, கட்டைவிரல் மேல நீட்டாம பக்கத்துல வந்து மூடட்டும், மணிக்கட்டு விறைப்பா இருக்கட்டும். கத்திய வேணும்னே விடாதீங்க, கை முன்னால நீண்டு வரும்போது அதுவே வழுக்கிட்டு போகணும்.

ஒரு விஷயம் பேரம் பேசக் கூடாதது. கட்டைக்கு பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, சர்க்கஸ்ல நிக்கறாங்களேன்னு யாரையும் நிக்க வைக்கவே கூடாது. பாக்கறவங்க எறியறவருக்கு பின்னால நல்லா தள்ளி நிக்கணும், ஏன்னா கத்தி திரும்பி வரும். மூடின ஷூ, கண்ணுக்கு கண்ணாடி. 2 மீட்டருக்கு உள்ள போய் எறியாதீங்க. எல்லா கத்தியும் எறிஞ்சு முடிச்ச பிறகுதான் எடுக்க போகணும்.

கத்தி குத்துது, ஆனா கைப்பிடி மேல தூக்கிட்டு நிக்குது

கத்தி தேவைக்கு மேல சுத்திடுச்சு. அதாவது நீங்க ரொம்ப தள்ளி நிக்கறீங்க. முன்னால வாங்க. எவ்வளவுன்னா, லேசா தூக்கி இருந்தா ஒரு பாத அளவு கூட வேணாம், அரை பாதம் போதும். கைப்பிடி 45 டிகிரி அளவுக்கு மேல நிக்குதுன்னா 25, 30 செ.மீ. வரலாம்.

கைப்பிடி கீழ தொங்குது, முனை மேல பாத்து குத்தி இருக்கு

இது அதுக்கு நேர் எதிர். சுத்து முடியறதுக்குள்ள கட்டை வந்துடுச்சு. பின்னால போங்க.

அலகு பக்கம் பிடிச்சு எறிஞ்சாலும் கைப்பிடி பக்கம் பிடிச்சு எறிஞ்சாலும் இதே கணக்குதான், ஏன்னா எந்த பக்கம் பிடிச்சாலும் கடைசி கால் சுத்துல முனை மேலேர்ந்துதான் முன்னால விழுது. கைப்பிடி மேல, முன்னால வா. கைப்பிடி கீழ, பின்னால போ. இந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணிக்கோங்க.

ஆனா இதுல ஒரு ஏமாத்து இருக்கு. முனை அரை செ.மீ. மட்டும் குத்தி இருந்தா கத்தியோட சொந்த எடையே கைப்பிடிய கீழ இழுத்துடும், நீங்க சுத்து பத்தலன்னு நெனச்சு பின்னால போவீங்க, அடுத்தது இன்னும் மோசமா வரும். அதனால கத்தி நிக்கறத மட்டும் பாக்காதீங்க, அத எடுத்துட்டு மரத்துல விழுந்த வெட்ட பாருங்க. முனை உள்ள போன பள்ளம் எந்த பக்கமா சாஞ்சு போயிருக்கு, அதுதான் கத்தி வந்து மோதின கோணம். பள்ளம் நேரா உள்ள போயிருந்து கத்தி மட்டும் தொங்கினா தூரம் சரி, கட்டை கடினமா இருக்கு, இல்ல முனை மழுங்கி இருக்கு. ஒரு மெல்லிசு ஈர்க்குச்சிய அந்த பள்ளத்துல விட்டு பாத்தா கோணம் தெளிவா தெரியும்.

தட்டையா மோதி டப்புனு விழுது

இது ரொம்ப பேருக்கு வர்றது, ரொம்ப பேர் இங்கதான் விட்டுடறாங்க. கத்தி கால் சுத்து தப்பா வருது, ஆனா கூடுதலா குறைவான்னு கண்ணால சொல்ல முடியாது, ஏன்னா எல்லாம் கண்ண மூடி திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது. கட்டை மேல நல்லா சாக்பீஸ் பூசுங்க, இல்லன்னா கத்தி முனையில மட்டும் கலர் சாக்பீஸ தேச்சுக்கோங்க. கட்டையில முனையோட அடையாளம் மேல விழுந்திருந்தா சுத்து பத்தல, பின்னால போகணும். முனை அடையாளம் கீழ இருந்தா கூடிப்போச்சு, முன்னால வரணும். கால் சுத்துன்னா தோராயமா 50, 60 செ.மீ. நகரணும், இங்க அரை பாதம் அரை பாதமா நகந்தா நேரம்தான் போகும்.

ஃபோன்ல ஸ்லோ மோஷன் இருந்தா இன்னும் சுலபம். பக்கவாட்டுல, கட்டையும் உங்க கையும் ரெண்டும் ஃபிரேம்ல வர்ற மாதிரி, நல்லா தள்ளி வச்சுட்டு எடுங்க. கத்தி கைய விட்டு பிரியற அந்த ஃபிரேம நிறுத்தி பாருங்க, கடைசியா மோதற ஃபிரேம பாருங்க. இந்த ரெண்டு ஃபிரேம் போதும்.

கைப்பிடி பின்பக்கம் மோதி கத்தி என் பக்கமே பறந்து வருது

நிறுத்துங்க. அதே இடத்துல இன்னொண்ணு எறிஞ்சு பாக்க வேணாம், இதுதான் ஆபத்தானது. அரை சுத்து முழுசா தப்பு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முன்னாலயோ பின்னாலயோ ஏறக்குறைய 1 மீட்டர் நகர்றது. இன்னொண்ணு, நின்ன இடத்துலயே நின்னு பிடிய மாத்தறது, கைப்பிடி பிடிச்சிருந்தா அலகு பக்கம் பிடிங்க, அப்ப முன்பின் மாறிடும். ஆரம்பத்துல முதல் வழியே நல்லது, ஒரே பிடியில பழக்கம் வரும். அலகு பிடிக்கணும்னா கத்தி ஓரம் கூர் இல்லாததா இருக்கணும், எறியற கத்திக்கு ஓரத்துல கூரே தேவையில்ல, முனை மட்டும் போதும்.

ஒரு தடவ அருமையா குத்துது, அடுத்த தடவ குத்தல, ஒண்ணும் புரியல

கால பாருங்க. தரையில கோடு இருக்கா? பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு தடவயும் கத்திய எடுத்துட்டு வந்து குத்துமதிப்பா நிப்பீங்க, அதுல 20 செ.மீ. வித்தியாசம் சாதாரணமா வரும், எறியும்போது முன்னால ஒரு அடி வைக்கற பழக்கம் இருந்தா அந்த அடி ஒவ்வொரு தடவயும் ஒரே நீளம் இருக்காது, உடம்ப முன்னால சாய்க்கறதும் மாறும், இது எல்லாம் கூடி கத்தி புறப்படற இடம் அரை மீட்டர் கூட மாறிப்போகும். கத்திக்கு உங்க கால் எங்க இருக்குன்னு தெரியாது, கை எங்க விட்டுச்சோ அங்கேர்ந்துதான் அது சுத்த ஆரம்பிக்குது.

அதனால முதல்ல கால அசைக்காம நின்னு எறிங்க. வலது கைக்காரர்னா இடது கால் முன்னால, எடைய மட்டும் பின்காலேர்ந்து முன்காலுக்கு மாத்துங்க. தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு முன்கால் விரல் நுனி கோட்ட தொடற மாதிரி நில்லுங்க. மண்ணுல ஒரு குச்சிய பதிச்சாலும் சரி. நகரும்போது கோட்ட நகத்துங்க, கால மட்டும் நகத்தாதீங்க.

யூரோத்ரோயர்ஸ்ங்கற ஐரோப்பிய கத்தி எறியற சங்கத்தோட போட்டிகள்ல கூட ஒவ்வொரு ரவுண்டுக்கும் போட்டிருக்கற கோடு குறைந்தபட்ச தூரம்தான், அதுக்கு பின்னால அவங்கவங்க கைக்கு சரியா வர்ற இடத்துல நின்னுக்கலாம். போட்டிக்காரங்களே அப்படி தேடித்தான் நிக்கறாங்கன்னா நாம 3 மீட்டர்னு எழுதி இருக்கறத பிடிச்சுட்டு நிக்க அவசியமே இல்ல.

இன்னொரு காரணம், ஒரே செட்டுல வேற வேற கத்தி. ஒண்ணு 25 செ.மீ., ஒண்ணு 32, ஒண்ணு வேற எடை, மூணையும் மாத்தி மாத்தி எறிஞ்சா எந்த தூரமும் செட் ஆகாது. ஒரே மாதிரி மூணு கத்தி, இது கட்டாயம். ஒரு கத்தி மட்டும் வச்சுட்டு ஒவ்வொரு தடவயும் நடந்து போய் எடுக்கறதும் பழக்கத்த கெடுக்கும், கை இப்ப என்ன செஞ்சுச்சுன்னு நினைவு வைக்கறதுக்குள்ள நடை வந்துடுது.

முனை நேராதான் படுது, ஆனா நிக்காம விழுது

தூரத்த தொடாதீங்க. மரம், முனை, எடை, இந்த வரிசையில பாருங்க.

மரத்துல ரொம்ப முக்கியம் நார் எந்த பக்கம் இருக்குங்கறது. பலகையோட முகத்துல எறிஞ்சா முனை நார குறுக்க வெட்டிட்டு போகணும், அது கஷ்டம். அடிமரத்த வட்டமா குறுக்க அறுத்த துண்டுல, வளையம் தெரியற பக்கத்துல எறிஞ்சா முனை நாருக்கு நடுவுல புகுந்து போகும், கத்திய எடுத்ததும் ஓரளவு மூடிக்கவும் செய்யும். கறிக்கடையில கட்டைய எந்த பக்கமா வச்சு வெட்டறாங்களோ அதே பக்கம்தான். ஆனா அந்த புளியமரக் கட்டை எறியறதுக்கு ஆகாது, ரொம்ப கடினம். சவுக்கு, கருவேலம் இதுவும் வேணாம். மிருதுவான மரம் வேணும். கல்யாண முருங்கை, இலவம், தீக்குச்சிக்கு போற பெருமரம் மாதிரி ஏதாவது. மரம் அறுக்கற மில்லுல சொன்னா 40, 50 செ.மீ. குறுக்களவுல, 15 செ.மீ. கனத்துக்கு குறையாம அறுத்து குடுப்பாங்க. பிளைவுட் வாங்காதீங்க, கத்தி துள்ளும்.

நம்ம வெயில்ல கட்டை காஞ்சு வெடிச்சு இரும்பு மாதிரி ஆயிடும். எறியறதுக்கு முந்தின ராத்திரி தண்ணி ஊத்தி ஈர சாக்கு போத்தி வைங்க, அடுத்த நாள் வித்தியாசம் கைக்கே தெரியும், சத்தமே மாறும்.

கட்டை ஆடுதான்னும் பாருங்க. கயித்துல தொங்கவிட்ட கட்டை மோதும்போது பின்னால போகும், கத்தியோட வேகத்துல ஒரு பங்க அதுவே வாங்கிடும். மூணு கால் ஸ்டாண்டுல அசையாம, நடுப்பகுதி உங்க நெஞ்சு உயரத்துல வர்ற மாதிரி வைங்க. பின்னால சுவர் இருந்தா பழைய கம்பளமோ கெட்டியான தார்ப்பாயோ தொங்கவிடுங்க. கீழ சிமெண்ட் தரை வேணாம், மணலோ புல்லோ இருக்கட்டும், விழற கத்தி முனை பிழைக்கும்.

கத்தி இடது பக்கமோ வலது பக்கமோ சாஞ்சு நிக்குது

இங்கதான் கை காரணம். எறியும்போது கை உடம்புக்கு குறுக்க போகுது, இல்ல மணிக்கட்டு திரும்புது. முழங்கை கட்டைய பாத்து இருக்கணும், கை விட்ட பிறகும் நேரா கீழ வந்து முடியணும். வலது கை இடது இடுப்புக்கு போய் முடியுதுன்னா அதுதான் சாய்வு. பலத்த பாதியா குறைச்சுட்டு எறிங்க, சரி ஆயிடும்.

மேல போகுது, இல்லன்னா கீழ தரையில குத்துது

சீக்கிரமா பிரிஞ்சா மேல, லேட்டா பிரிஞ்சா கீழ. உள்ளங்கை வேர்த்து ஈரமா இருந்தா சீக்கிரம் வழுக்கும், பிடி ரொம்ப இறுக்கமா இருந்தா லேட்டாகும். துண்டு ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க.

வாங்கின சின்ன கத்தி செட் என்ன பண்ணாலும் வரல

பழகறவங்களோட பாதி சோகம் இதுதான், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். ஆன்லைன்ல மூணு கத்தி, கருப்பு பெயிண்ட், கைப்பிடியில கயிறு சுத்தினது, உறையோட, ரொம்ப குறைஞ்ச விலைக்கு வரும். நீளம் 15, 16 செ.மீ., எடை 50, 60 கிராம்தான் இருக்கும். அது பாக்க அழகா இருக்கும், பழகறதுக்கு உதவாது. கணக்கு போட்டு பாருங்க. ஒரு தண்டு சுழற்சிக்கு காட்டற எதிர்ப்பு எடைக்கும், நீளத்தோட வர்க்கத்துக்கும் தகுந்த மாதிரி கூடும். 60 கிராம், 15 செ.மீ. கத்திக்கு பதிலா 300 கிராம், 30 செ.மீ. கத்தி எடுத்தா எடை 5 மடங்கு, நீளம் 2 மடங்கு, ஆக எதிர்ப்பு 20 மடங்கு. அதாவது விடற நேரத்துல விரல் லேசா இழுத்தா கூட சின்ன கத்தி தாறுமாறா சுத்திடும், பெரிய கத்தி அத கண்டுக்காம போகும். நீங்க எவ்வளவு ஒழுங்கா எறிஞ்சாலும் சின்ன கத்தி உங்க ஒழுங்க காட்டாது.

என்ன வாங்கலாம்? 30 செ.மீ.லேர்ந்து 35 செ.மீ. வரைக்கும் நீளம், 250 கிராமுக்கு மேல எடை. எறியறவங்க மத்தியில பழைய கணக்கு ஒண்ணு உண்டு, ஒரு இஞ்சுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 12 இஞ்சு கத்திக்கு 340 கிராம் கிட்ட. அத அச்சா பிடிக்க வேணாம், பக்கத்துல இருந்தா போதும். முழுசும் ஒரே இரும்புத் தகடா இருக்கணும். கைப்பிடியில மரம், பிளாஸ்டிக், கயிறு, துருத்திக்கிட்டு இருக்கற மோதிரம் எதுவும் வேணாம், எல்லாம் ஆணி விட்டு பிரிஞ்சு போகும், கையிலேர்ந்து பிரியும்போதும் தடுக்கும். நடு நீளத்த விரல் மேல வச்சு பாருங்க, கிட்டத்தட்ட நடுவுல நின்னா பேலன்ஸ் சரி, அப்பதான் எந்த பக்கம் பிடிச்சாலும் ஒரே மாதிரி போகும்.

சமையல்கட்டு கத்திய எறியாதீங்க. அது ஓரம் கூரா நிக்கறதுக்காக கடினமா பதம் பண்ணினது, மெல்லிசு வேற, பக்கவாட்டுல மோதினா ஒடிஞ்சு துண்டு பறக்கும். எறியற கத்தி வளையலாம், ஒடியக் கூடாது, அதனாலதான் அத கொஞ்சம் கடினம் கம்மியான பதத்துல செய்யறாங்க. நம்ம ஊரு கொல்லுப்பட்டறையில பழைய லாரி ஸ்பிரிங் பட்டைய வச்சு செய்ய சொல்றவங்க இருக்காங்க, நல்ல இரும்புதான், ஆனா பதத்த ரொம்ப ஏத்த வேணாம்னு சொல்லிடுங்க.

சட்டமும் பாத்துக்கோங்க. இந்தியாவுல ஆயுத விதிகள் 2016 படி அலகு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருந்தா, வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இதுக்குன்னு செஞ்சதா இல்லாத பட்சத்துல, அது ஆயுதப் பட்டியல்ல வருது. மொத்த நீளம் 30 செ.மீ. இருக்கற கத்தியில அலகு சாதாரணமா அதுக்குள்ளதான் இருக்கும், ஆனாலும் டேப் வச்சு அளந்து வாங்குங்க. எறியற இடத்துக்கு கொண்டு போகும்போது உறையில போட்டு, பைக்குள்ள மூடி, தேவையில்லாம வெளிய எடுக்காம கொண்டு போங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க அந்தந்த நாட்டு விதிய பாக்கணும்.

முனை வளையுது, ஓரம் பிசிறடிச்சு கைய கிழிக்குது

கத்தி கத்தி மேல மோதறதால வர்றது. மூணு கத்தியையும் ஒரே புள்ளிக்கு எறியாதீங்க, கட்டையில தள்ளித்தள்ளி மூணு வட்டம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணா எறிங்க. பழகி முடிச்சதும் ஒரு தட்டை அரம் எடுத்து ஓரத்துல விரல் வச்சு தடவற இடத்துல எல்லாம் பிசிற எடுத்துடுங்க, இத தள்ளிப்போட்டா அடுத்த தடவ விடும்போது உள்ளங்கையில கோடு விழும். முனைய ஊசி மாதிரி ஆக்காதீங்க, அது முதல்ல வளையும். லேசா உருண்ட முனை நல்லாவே குத்தும். வளைஞ்சத சுத்தியல்ல மெதுவா தட்டி நேராக்கலாம், அதே இடம் மறுபடி மறுபடி வளைஞ்சா அங்க விரிசல் இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த கத்திய எறியறத நிறுத்திடுங்க.

தோள் வலிக்குது, முழங்கை வலிக்குது

பலமா எறியறீங்க. 3 மீட்டர்ல 300 கிராம் கத்தி குத்தறதுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்ல, எடை அதுவே வேலைய பாத்துக்கும். வலி வந்த அன்னைக்கு அதோட முடிச்சுக்கோங்க.

3 மீட்டர்ல நல்லா வருது, தள்ளி போனா ஒண்ணும் வரல

ஒரு ஒரு அடியா பின்னால போய் பாத்திருப்பீங்க, அப்படி போனா நடுவுல எங்க நின்னாலும் கத்தி தட்டையாவோ கைப்பிடி பக்கமாவோதான் மோதும். அடுத்த இடத்துக்கு நேரா தாவணும். 3 மீட்டர்ல கைப்பிடி பிடிச்சு முழு சுத்துன்னா அடுத்தது அலகு பிடிச்சு ஒன்றரை சுத்து, அது 4 மீட்டருக்கு மேல கொஞ்சம். அதுக்கு அடுத்தது மறுபடி கைப்பிடி, ரெண்டு சுத்து, 5 மீட்டர் தாண்டி. ஒவ்வொண்ணுலயும் முதல்ல கைப்பிடி மேலயா கீழயான்னு பாத்து கோட்ட நகத்தி, சரியா வந்த இடத்த டேப்ல அளந்து எழுதி வச்சுக்கோங்க. தூரம் கூடக்கூட சின்ன தப்பும் பெருசா தெரியும், ஒரு சுத்துல மறைஞ்சு இருந்த, மணிக்கட்ட சுண்டற பழக்கம் ஒன்றரை சுத்துல வெளிய வந்துடும், அப்ப 3 மீட்டருக்கு திரும்பி வந்து கைய நேராக்கிட்டு மறுபடி போங்க. கத்தி மாத்தினா எழுதி வச்ச தூரம் செல்லாது, புதுசா அளக்கணும்.